ஹோம் எடுத்தேனுங்கண்ணா

வழக்கமாக இங்கே பழைய கோயமுத்தூர், சினிமாக் கொட்டகை, சிறுவாணித் தண்ணீர் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இன்றைக்குக் கொஞ்சம் இரும்பு வாசனை அடிக்கும். மெஷின் விவகாரம் பிடிக்காதவர்களும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். 28 வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை இந்த மெஷின் கதை இல்லாமல் சொல்ல எனக்கு வரவில்லை.

டூல் ரூமில் 36 வருஷம் வேலை பார்த்துவிட்டு 2013-ல் ரிட்டையர் ஆனேன். முதல் இரண்டு வருஷம் தோட்டம், கோவில், பேரன் பேத்தி என்று ஓடியது. அப்புறம் கை சும்மா இருக்க மறுத்தது. வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த சாளையைச் சுத்தம் பண்ணி ஒரு மேஜை, ஒரு வைஸ், ஒரு பென்ச் கிரைண்டர் போட்டுக்கொண்டேன். "மாடு போயி இது வந்துருச்சு. அதாவது பாலாச்சும் குடுத்துச்சு" என்று வீட்டுக்காரம்மா சொன்னாள்.

கொரோனா சமயத்தில் சென்னையில் படித்துக்கொண்டிருந்த பேரன் இங்கே வந்து தங்கினான். அவன் வரவழைத்ததுதான் அந்தச் சின்ன சி.என்.சி. மெஷின். 3018 என்று பெயர். 300 மில்லிமீட்டருக்கு 180 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவான இடத்தில் மரம், பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியம் வெட்டும். பெட்டியில் அலுமினியக் கம்பிகளும் ஸ்க்ரூக்களும் பொட்டலம் பொட்டலமாக வந்தன. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு நாளில் மாட்டினோம். காலேஜ் திறந்ததும் அவன் போய்விட்டான். மெஷின் எனக்கு வந்துவிட்டது.

அதற்குள்ளே மூளையாக இருப்பது ஒரு சின்ன சிப். அதில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்கிற இலவச மென்பொருள். நார்வேக்காரர் ஒருவர் 2009-ல் எழுத ஆரம்பித்தது. நான் முதல் முதலில் பார்த்த சி.என்.சி. கண்ட்ரோல் ஒரு பீரோ அளவு இருந்தது. அது செய்த வேலையில் பெரும்பகுதியை இன்றைக்குத் தீப்பெட்டி அளவு போர்டு செய்கிறது. எங்களுக்கெல்லாம் இதை நம்பவே கொஞ்ச நாள் ஆகும்.

இப்போது ஹோம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. தீப்பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது. என்ன செய்வீர்கள்? கையை நீட்டித் தடவிக்கொண்டே போய் நிலவைப் பிடிப்பீர்கள். நிலவு கைக்கு அகப்பட்டதும் தைரியம் வந்துவிடும். அங்கிருந்து இடப்பக்கம் நாலு எட்டு, கையைத் தூக்கினால் தீப்பெட்டி.

இந்தச் சின்ன மெஷினுக்குக் கண் கிடையாது. மோட்டாருக்கு இத்தனை எட்டு வை என்று உத்தரவு போகும், அது வைக்கும். என்னுடைய மெஷினில் 800 எட்டு வைத்தால் ஒரு மில்லிமீட்டர். எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நடக்கிற பிராணி அது. கரண்ட் போனால் எண்ணிக்கை மறந்துவிடும். போதாததற்கு, பிடிமானம் விட்டுப்போகும்போது மோட்டார் நின்ற இடத்திலேயே நிற்காமல் இம்மி நகர்ந்து உட்காரும். நாம் குப்பையைத் தட்டும்போது கை பட்டு இன்னும் நகரும். கரண்ட் வந்ததும் அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு அச்சின் கடைசியிலும் ஒரு சின்ன ஸ்விட்ச் வைக்கிறோம். அதுதான் நிலவு. ஹோம் எடு என்று சொன்னால் முதலில் டூலை மேலே தூக்கிக்கொள்ளும், வேலையின் மேல் இழுத்துவிடக் கூடாது அல்லவா. அப்புறம் எக்ஸ், ஒய் இரண்டும் வேகமாகப் போய் ஸ்விட்சை இடிக்கும். இடித்ததும் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி, இந்தத் தடவை ஆமை மாதிரி மெதுவாகப் போய்த் தொடும். தொட்ட அந்த இடத்தை வைத்துத்தான் அடுத்த கணக்கெல்லாம்.

விவசாயக் குடும்பத்துக்காரர்களுக்கு வேறு மாதிரி சொல்லலாம். ஹோம் என்பது எல்லைக்கல். சங்கிலி போட்டு அளந்தது எவ்வளவு சரியாக இருந்தாலும் கல் நகர்ந்திருந்தால் நிலம் தப்பாகிவிடும்.

என்னுடைய மெஷின் ஸ்விட்ச் இல்லாத மாடல். நானே மூன்று மைக்ரோ ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். டூல் ரூம் ஆசாமி, மூன்று ஸ்விட்ச் மாட்டுவது பெரிய காரியமா என்ற எண்ணம்.

போன வருஷம் சின்ன மகள் வீடு கட்டினாள். வீட்டுக்கு 'நிழல்' என்று பேர் வைத்தாள். கிரகப்பிரவேசத்துக்குப் பேர்ப்பலகை அப்பாதான் செய்து தர வேண்டும் என்று சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய கதவு ஒன்றை உடைத்தபோது எடுத்து வைத்திருந்த தேக்குப் பலகை இருந்தது. இழைத்து, மட்டம் பார்த்து, மெஷினில் கட்டி, ஹோம் எடுத்து, வேலை ஆரம்பிக்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு ஓட விட்டேன். 'நி' அழகாக வந்தது. 'ழ' பாதி வந்தபோது கரண்ட் போய்விட்டது.

பதறவில்லை. இதற்காகத்தானே ஸ்விட்ச் மாட்டியிருக்கிறோம். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஹோம் எடுத்தேன். சந்தேகமாக இருந்தது, மறுபடி எடுத்தேன். நல்ல பலகை, தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஏழெட்டுத் தடவை எடுத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து ஓட விட்டேன்.

பாதி 'ழ'வும் மீதி 'ழ'வும் சேரவில்லை. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெளியாளுக்கு உடனே தெரியாது. ஆனால் வளைவு சேருகிற இடத்தில் ஒரு சின்னப் படி, அதன் பக்கத்தில் ஓர் இரட்டைக் கோடு. வீட்டுக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நிழலுக்கே நிழல் விழுந்துருச்சுங்க" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 36 வருஷம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு அடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

காலையில் எழுந்து பீரோவிலிருந்து டயல் கேஜை எடுத்தேன். ரிட்டையர் ஆகும்போது நான் சொந்தக் காசில் வாங்கியது. மேக்னட் ஸ்டாண்டு அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் பிரேமில் ஓர் இரும்புத் தகட்டை கிளாம்ப் போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வைத்தேன். ஹோம் எடுக்க வேண்டியது, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே இடத்துக்கு வரச்சொல்ல வேண்டியது, கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டியது. பத்துத் தடவை. ஒரே பக்கத்திலிருந்து வருவது முக்கியம். இல்லாவிட்டால் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற விளையாட்டும் கணக்கில் கலந்துவிடும்.

எக்ஸ் அச்சுக்கு வந்த எண்கள் இவை, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில்: 0, 7, 3, 14, 19, 24, 29, 38, 41, 46.

எண்களைப் பார்த்ததும் உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். ஏறிக்கொண்டே போகிறது. ஸ்விட்ச் சரியில்லை என்றால் முள் முன்னும் பின்னும் ஆடும், ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய. ஒரே பக்கமாகவே போனால் ஸ்விட்சின் மேல் பழி போடக் கூடாது. எங்கோ ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது. அளவு எடுக்கிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. சராசரியைப் பார்க்கும் முன் வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஸ்விட்சை நான் ஓர் அக்ரிலிக் துண்டில் மாட்டி, அந்தத் துண்டை ஒரே ஒரு ஸ்க்ரூவில் பிரேமோடு பிடித்திருந்தேன். ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் துண்டு அந்த ஸ்க்ரூவைச் சுற்றி மயிரிழை திரும்பியிருக்கிறது. உறுதி பண்ணிக்கொள்கிறேன் என்று ஏழெட்டுத் தடவை ஹோம் எடுத்தேனே, எடுக்க எடுக்க எல்லைக்கல்லை நானே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது பேரனுக்கு இந்த மாதிரி மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தால் உபயோகப்படும்.

முதலில் அக்ரிலிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினிய ஆங்கிள் வைத்தேன். இரண்டு ஸ்க்ரூ, அதோடு துளை போட்டு ஒரு டவல் பின். இப்போது முள் ஏறவில்லை. ஆனால் 9 கோட்டுக்குள் முன்னும் பின்னும் ஆடியது. இதுதான் ஸ்விட்சின் சொந்தக் குணம். நான் வாங்கியிருந்தது நீளமான நாக்கும் அதன் நுனியில் ரோலரும் வைத்தது. நாக்கின் நுனி அதிக தூரம் நகர்ந்தால்தான் உள்ளே இருக்கும் பொத்தான் கொஞ்சம் நகரும். பொத்தானில் உள்ள சின்ன வித்தியாசம் நுனியில் பெரிதாகத் தெரியும். நாக்கைக் கழற்றிவிட்டுப் பொத்தானிலேயே நேராகத் தொடும்படி மாற்றினேன். இரண்டாவது தடவை தொடுகிற வேகத்தைப் பேரன் நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தான், 25-ஆகக் குறைத்தேன். முள் 3 கோட்டுக்குள் அடங்கிவிட்டது. மர வேலைக்கு இது தாராளம்.

ஸ்விட்சின் முகம் மேலே பார்த்து இருந்ததால் மரத்தூள் போய் உட்கார்ந்தது, கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பினேன். ஸ்பிண்டில் மோட்டார் வயரோடு ஸ்விட்ச் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். மோட்டார் ஓடும்போது தொடாத ஸ்விட்சைத் தொட்டதாக நினைத்து மெஷின் சில சமயம் அலாரம் போட்டு நின்றது. இரண்டையும் பிரித்துத் தனித்தனி வழியாக விட்டேன். ஸ்விட்சைத் தொடாதபோது மூடியிருக்கும்படி இணைப்பை மாற்றி, அதற்கேற்ற மாதிரி மென்பொருளிலும் சொல்லிவிட்டேன். இதில் ஒரு சௌகரியம் உண்டு. வயர் அறுந்து போனால் ஸ்விட்ச் அழுத்தப்பட்டதாக நினைத்து மெஷின் நின்றுவிடும். முன்பு மாதிரி இருந்தால் வயர் அறுந்தது தெரியாமல் போய் இடிக்கும்.

எல்லாம் முடிந்து நோட்டில் எண்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து எண் கொண்ட நாலு வரிசை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் அந்தத் தம்பியின் குரல் காதில் கேட்டது. "ஹோம் எடுத்தேனுங்கண்ணா."

1996. நான் அப்போது ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பு. எங்கள் கம்பெனி புதிதாக ஒரு வி.எம்.சி. வாங்கியிருந்தது. கம்பெனி பேர் வேண்டாம். அந்த மெஷினைத் தொடவே எல்லாருக்கும் பயம். ஐ.டி.ஐ. முடித்து வந்த ஒரு பையனை அதில் போட்டிருந்தோம். ஊர் பல்லடம் பக்கம். அப்பாவுக்கு விசைத்தறியில் கூலி வேலை. கெட்டிக்காரப் பையன், வாய் திறந்து அதிகம் பேச மாட்டான். பயிற்சிக் காலம் முடிய இரண்டு மாசம் பாக்கி.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் போட்டு மெஷினை மறுபடி ஆன் பண்ணினான். ஹோம் எடுக்க வேண்டும், நாங்கள் ரெஃபரன்ஸ் எடுப்பது என்றும் சொல்வோம். எடுத்துவிட்டு ஓட விட்டான். கட்டர் நேராகப் போய் கிளாம்ப்பில் இடித்தது. நான் அந்தக் கோடியில் இருந்தேன், சத்தம் அங்கே வரை கேட்டது. கட்டர் தூள். ஸ்பிண்டில் பேரிங் போய்விட்டது. மெஷின் மூன்று நாள் நின்றது.

"ஹோம் எடுத்தியாடா?"

"எடுத்தேனுங்கண்ணா."

"எடுத்திருந்தா எப்படிடா 10 மில்லிமீட்டர் தள்ளிப் போகும்?"

"தெரியலீங்கண்ணா. ஆனா எடுத்தேனுங்க. லாம்ப் எரிஞ்சுதுங்க."

காலையில் மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். 'மின்தடைக்குப் பிறகு இயக்குபவர் ரெஃபரன்ஸ் எடுக்காமல் மெஷினை ஓட்டியதால் விபத்து ஏற்பட்டது.' அவ்வளவுதான், ஒரு வரி. எழுதும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. மெஷின் தப்புப் பண்ணாது, பையன்தான் பண்ணுவான் என்பது அன்றைக்கு எங்கள் எல்லாருடைய நம்பிக்கை. இரண்டு மாசத்தில் பயிற்சி முடிந்தது. அவனை நிரந்தரம் பண்ணவில்லை. கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடமும் வந்தான். "வர்றேனுங்கண்ணா" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அவன் போய் ஐந்தாறு வாரம் இருக்கும். அதே மெஷின், அதே மாதிரி கரண்ட் போய் வந்தது. இந்தத் தடவை ஹோம் எடுத்தது நானே. லாம்ப் எரிந்தது. திரையில் சைபர் காட்டியது. ஆனால் டேபிளைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது, வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தேன். சரியாக 10 மில்லிமீட்டர்.

அந்தக் காலத்துப் பெரிய மெஷின்களில் ஹோம் எடுப்பது இந்தச் சின்ன மெஷின் மாதிரி அல்ல. டேபிளின் பக்கத்தில் டாக் என்று ஒரு கட்டை இருக்கும். பேருக்கும் நாய்க்கும் சம்பந்தம் தேடாதீர்கள். அது ஸ்விட்சைத் தொட்டதும் டேபிள் வேகம் குறையும். டாக் ஸ்விட்சை விட்டதும் கண்ட்ரோல் காத்திருக்கும். மோட்டாரோடு சேர்ந்த என்கோடர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு துடிப்பு அனுப்பும். அடுத்து வருகிற துடிப்பில்தான் ஹோம். ஸ்விட்ச் எவ்வளவு முரடாக இருந்தாலும் கடைசி முடிவைத் துடிப்புதான் சொல்லும், அதனால் துல்லியம் அபாரமாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. டாக் விடுகிற இடமும் துடிப்பு வருகிற இடமும் ஒன்றுக்கொன்று விலகியிருக்க வேண்டும். டாக் நகர்ந்து இரண்டும் ஒரே இடத்தில் வந்துவிட்டால், சில தடவை இந்தத் துடிப்பைப் பிடிக்கும், சில தடவை அதைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். அடுத்தது ஒரு முழுச் சுற்று தள்ளி. அந்த மெஷினின் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர்.

எலக்ட்ரீஷியன் கவரைக் கழற்றிப் பார்த்தார். டாக்கைப் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்து, கட்டை கொஞ்சம் நகர்ந்திருந்தது. சரியான இடத்துக்குத் தள்ளி முடுக்கினார். ஐந்து நிமிஷ வேலை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஹோம் எடுத்திருக்கிறான். லாம்ப்பும் எரிந்திருக்கிறது. மெஷினுக்கே தெரியாது, தான் 10 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பையன் மேல தப்பில்லீங்க சார், டாக் லூசா இருந்திருக்குது" என்றேன். அவர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "சரி விடுங்க, அதான் போயிட்டானே" என்றார். நானும் விட்டுவிட்டேன். இதுதான் நான் செய்த காரியம். முதல் ரிப்போர்ட் எழுத ஒரு தாள் கிடைத்தது. இரண்டாவது ரிப்போர்ட் எழுத அதே மேஜையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. எழுதவில்லை. எழுதினால் முதலில் எழுதியது தப்பு என்று ஆகும். எனக்கு அப்போது பிரமோஷன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவனைத் தேடிப் போய்ச் சொல்லவும் இல்லை. பல்லடம் என்ன சீமையிலா இருக்கிறது? ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம்.

சாளையில் உட்கார்ந்துகொண்டு அந்த நோட்டைப் பார்த்தபோது நினைத்தேன். ஒரு மரப்பலகைக்காகப் பத்துத் தடவை ஹோம் எடுத்துக் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். அன்றைக்கு ஒரு பையனின் வேலைக்காக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மெஷின் நின்றுகிடந்த மூன்று நாளில் எனக்கு நேரம் இருந்தது. ஸ்பிண்டில் மாற்றியதும் இருபது தடவை ஹோம் எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு தடவையாவது தள்ளிப் போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவாவது முடியும்.

பழைய சிநேகிதர் ஒருவர் மூலம் விசாரித்தேன். நாலு நாளில் போன் நம்பர் கிடைத்தது. அவரே சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், சரவணம்பட்டி தாண்டி. போனில் சொல்லப் பிடிக்காமல் நேரில் போனேன். ஒரு தகர ஷெட். இரண்டு லேத், ஒரு பழைய வி.எம்.சி. பம்பு பாகங்கள் ஜாப் ஒர்க் எடுக்கிறார். தலை பாதி நரைத்துவிட்டது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கண்ணா, வாங்க. எத்தன வருஷம் ஆச்சு!" என்று சேரைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. டீ ஆறும் வரை நான் அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன். டாக் நகர்ந்திருந்தது, நானே பார்த்தேன், நீங்கள் போன ஐந்தாறு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, நான் எழுதிய ரிப்போர்ட் தப்பு, எல்லாம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பையன் ஒருவன் லேத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்காத்தான் இருக்கும்னு எனக்கும் பின்னாடி தெரிஞ்சுதுங்கண்ணா. வேற கம்பெனில ஒருக்கா இதே மாதிரி ஆச்சுங்க. அப்பப் புரிஞ்சுது" என்றார். பிறகு, "எங்கப்பாவுக்குத்தான் தெரியாமப் போச்சுங்க. பையன் அசால்ட்டா இருந்து மெஷினை ஒடச்சுப்போட்டான்னு கடைசி வரைக்கும் நெனச்சுட்டு இருந்தாருங்க. 2003-ல செத்துட்டாரு. நான் சொன்னா, 'அப்புறம் எதுக்குடா உன்னைய அனுப்பிச்சாங்க?'ன்னு கேப்பாருங்க. அதுக்கு என்னங்க சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவர் கோபப்படவில்லை.

கிளம்பும்போது தன்னுடைய வி.எம்.சி.யைக் காட்டினார். டேபிளின் ஓரத்திலும் அதற்கு நேராகக் கீழே சேடிலிலும் மெல்லிய மஞ்சள் பெயிண்ட் கோடு. ஹோமில் நிற்கும்போது இரண்டு கோடும் ஒன்றாக நிற்க வேண்டும். மற்ற அச்சுகளிலும் அதே மாதிரி. "லாம்ப் எரிஞ்சாலும் கோடு சேந்துருக்குதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பட்டன அழுத்தோணும்னு பசங்களுக்குச் சொல்லிருக்கறனுங்க. அதுக்கு மேல ஏதாச்சும் ஆச்சுன்னா அது பசங்க தப்பு இல்லீங்க" என்றார்.

காலணா பெறாத பெயிண்ட். அந்தப் பெரிய கம்பெனியில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சின்ன மெஷினிலும் மூன்று அச்சுக்கும் கோடு போட்டுவிட்டேன்.

அந்த ரிப்போர்ட் இன்னும் எங்காவது இருக்குமா என்று அவர் கேட்டார். கம்பெனியே இப்போது இல்லை, இடத்தில் அபார்ட்மெண்ட் வந்துவிட்டது. திருத்துவதற்குத் தாளும் இல்லை, கொடுப்பதற்கு ஆளும் இல்லை. இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கண்ணா. பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

மகளின் பலகையைப் புதிதாக வெட்டினேன். கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட விட்டேன். 'ழ' சேர்ந்துவிட்டது. பழைய பலகை சாளையிலேயே கிடக்கட்டும் என்று ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.

இனி அந்த ரிப்போர்ட்.

1996-ல் ராத்திரி ஷிஃப்ட்டில் மின்தடைக்குப் பிறகு வி.எம்.சி.யில் நடந்த விபத்தின்போது, இயக்கியவர் முறைப்படி ரெஃபரன்ஸ் எடுத்திருந்தார். டாக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்ததே விபத்துக்குக் காரணம். இயக்கியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சோதித்துப் பார்க்காமல் அவர் மேல் எழுதியவன் நான்.